பதினைந்து மணி ஐம்பது நிமிடம்

"எத்தனை மணி நேரம் வைக்கணும்?" என்று ஆஸ்பத்திரியின் குளிர் அறைக் குமாஸ்தா கேட்டபோது அவள் அப்பாவின் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பட்டையின் கொக்கி இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினாள்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு மணி வரைக்கும். இருபத்தஞ்சு மணி நேரம்."

"ஏறக்குறைய ஒரு நாள்னு போட்டுக்கறேன்."

"இருபத்தஞ்சுன்னு போடுங்க."

குமாஸ்தா நிமிர்ந்து அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, எழுதியதை அடித்து மறுபடி எழுதினான். ஏறக்குறைய என்பது அவர்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. அப்பா முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கி, பத்து கிராம் பிசகினாலும் தராசைப் பறிமுதல் செய்துகொண்டு வந்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு நிறுப்பதற்கு மனிதர்கள்தான் மிச்சம் இருந்தார்கள். அவர் கையில் யாரும் எடை தேறியதில்லை.

"வெளியூர்லேர்ந்து யாராவது வரணுமா?" என்றான் குமாஸ்தா.

"அண்ணன்."

"தூரமோ?"

"பதிமூவாயிரத்து அறுநூத்தி இருபது கிலோமீட்டர்."

அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

அந்தக் கணக்கு அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவள் வேலை விமான நிலையத்தில். பதினெட்டு வருஷமாகப் பெட்டி வாங்கும் கவுண்டரில் நின்று, இப்போது பதினோரு கவுண்டர்களுக்கு மேற்பார்வை. அண்ணன் இருக்கும் நகரத்திலிருந்து அவர்கள் கம்பெனி விமானம் தினம் ஒன்று நேராக இங்கே வருகிறது. எங்கேயும் இறங்காது, மாறவேண்டியதில்லை. பதினைந்து மணி ஐம்பது நிமிடம். காலை பத்துக்கு இறங்கும். அப்பா அவளுடைய வேலையைப் பெட்டி தூக்கற உத்தியோகம் என்பார். ஆனால் அந்த ஒரு விமானத்தின் விவரம் மட்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

அண்ணன் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷத்தில் மூன்று தடவை வந்தான். கடைசி ஒன்பது வருஷத்தில் வரவே இல்லை. லீவு கிடைக்கவில்லை, விசா சிக்கல், பையனுக்குப் பரீட்சை, பனி கொட்டுகிறது. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா போனபோது பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அன்றைக்கு அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, "பதினஞ்சு மணி அம்பது நிமிஷம். இவனை நான் நடந்தா வரச் சொன்னேன்?" என்றார். அப்புறம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பால்காரனிடம் சொன்னார், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் சொன்னார், படுக்கையில் விழுந்த பிறகு சுவரிடமும் சொன்னார்.

தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்.

"இன்னைக்கு எத்தனை காலி?"

"முப்பத்தெட்டு."

விமானத்தில் யாரும் உட்காராமல் வந்து சேர்ந்த இருக்கைகளின் எண்ணிக்கை அது. முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்கலாம், அதில் ஒருத்தனாக அவனும் வந்திருக்கலாம் என்பது அப்பாவின் வழக்கு. அவள் தினம் ஒரு சாட்சி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு நாளாவது 'நிறைஞ்சிருந்ததுப்பா' என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. அப்பாவைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் அவள் வேலையாக இருந்த இரண்டு வருஷத்தில், அந்த எண்ணைச் சொல்லும் நேரம் ஒன்றுதான் இருவரும் ஒரே பக்கம் இருந்த நேரம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அப்பா போயிட்டார்."

அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எப்போ?"

"பதினொன்னு நாப்பது. உனக்குக் காலைல ஏழு நாப்பதுக்கு ஃப்ளைட். இருபத்தாறு சீட் காலி இருக்கு. பாத்துட்டேன்."

"நீ பாத்திருப்ப," என்றான். பிறகு, "வரேன்," என்றான்.

"வருவியா?"

"வரேன்னு சொன்னேன்ல."

மின் தகன மேடையில் மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு இடம் கேட்டுப் பதிவு செய்தாள். பத்துக்கு இறங்கினால் பதினொன்றரைக்கு வீடு. போதும்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அப்பாவின் தம்பி, அவளுடைய சித்தப்பா, கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவர். அப்பா படுத்திருந்த இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை குடையை மறந்துவிட்டுப் போய், அதை எடுக்க ஆள் அனுப்பினார். இப்போது கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவன் வராம ஒரு துரும்பு நகரக்கூடாது. ஆயிரம் இருந்தாலும் பையன் பையன்தான்."

துரும்பு நகர்த்தியவள் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை கம்மி என்றார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் குடும்பத்தார் எல்லோருடைய போனிலும் ஒரே சமயத்தில் ஒரு வார்த்தை வந்து விழுந்தது: ஏறிட்டேன். அண்ணன்தான். சித்தப்பா அதை உரக்கப் படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

பல் டாக்டர் தன் போனில் உலகப் படத்தைத் திறந்தார். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் படம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நம்மூர் நேரம் ஆறு பத்துக்குக் கிளம்பவேண்டியது கிளம்பவில்லை. ஆறு முப்பத்திரண்டுக்கு, கடலோரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம் முளைத்தது.

"எழும்பிருச்சு. இருபத்திரெண்டு நிமிஷம் லேட்டு," என்றார் டாக்டர், ஏதோ தானே தள்ளிவிட்டதுபோல.

அதற்கப்புறம் யாரும் இறந்தவரைப் பற்றிப் பேசவில்லை. போன் கை மாறிக்கொண்டே இருந்தது. கடலுக்கு மேலே போகிறது, இப்போது திரும்புகிறது, வேகம் தொள்ளாயிரம். எதிர்வீட்டு அம்மாள், அந்தப் பூச்சி ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று கவலைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்ததை எல்லோரும் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். ஏன் நேர்கோட்டில் போகாமல் வளைந்து போகிறது என்று சித்தப்பா கேட்டார். பூமி உருண்டை என்று டாக்டர் சொன்னார். அது தனக்கும் தெரியும் என்றார் சித்தப்பா.

அவள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவினாள். இந்த மனிதர்களில் ஒருத்தருக்காவது அப்பாவின் ரத்தம் என்ன பிரிவு என்று தெரியுமா என்று நினைத்தாள். அந்தப் பூச்சியின் உயரம் முப்பத்தேழாயிரம் அடி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விமான நிலையம் போனாள். அண்ணனை வரிசையில் நிற்கவிடாமல் சீக்கிரம் வெளியே கொண்டுவரவேண்டும். வருகைப் பகுதியில் வேலையில் இருந்தவள் நெட்டை. அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மேலாளர் உட்பட. நெட்டை எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எதுக்கு வந்தீங்க? போன் பண்ணிருந்தா நான் பாத்துக்க மாட்டேனா?"

"பத்து மணி ஃப்ளைட்ல அண்ணன் வரான். வாசல்லேயே நின்னு கூட்டிட்டு வந்துரு. பேர் சொல்றேன்."

நெட்டை கணினியில் பெயரைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"அக்கா, இதுல அவர் இல்லக்கா."

"ஏறிட்டேன்னு மெசேஜ் போட்டானே."

"ஏறியிருக்கார். அப்புறம் இறங்கியிருக்கார்." நெட்டை குரலைத் தாழ்த்தினாள். "கதவு மூடறதுக்கு முன்னாடி. பயணி தானே கேட்டு இறங்கினார்னு எழுதியிருக்காங்க. பெட்டியைத் தேடி வெளிய எடுக்க இருபத்திரெண்டு நிமிஷம் ஆயிருக்கு."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இருக்கை நாற்பத்தொன்று சி. அதற்கு நேரே ஒரு கோடு.

கவுண்டர்களுக்குப் பின்னால் பணியாளர் அறை இருந்தது. ஓடாத எடை மேடை ஒன்று, பெட்டிச் சீட்டுக் கட்டுகள், யாரும் கேட்டு வராத நாலு குடைகள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனின் எண்ணை அழுத்தினாள். ஊருக்கெல்லாம் அவன் வானத்தில் இருக்கிறான். போன் மணி அடித்தது. நன்றாகவே அடித்தது. நாலு, ஐந்து.

எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.

"எங்க இருக்க?" என்றாள்.

"வீட்ல."

"அங்க சித்தப்பா உன் விமானத்துக்குக் காவல் காத்துட்டு இருக்கார். பல் டாக்டர் ராவெல்லாம் தூங்கல. எதிர்வீட்டு அம்மா உன் பூச்சிக்கு என்ன ஆச்சோன்னு வேண்டிக்கிட்டு இருக்கா. நீ வீட்ல இருக்க."

"சொல்லு. என்ன வேணா சொல்லு."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அம்மாவுக்கு பாஸ்போர்ட். அப்பாவுக்கு என்ன? சீட்டுல மூட்டைப்பூச்சியா?"

வெட்கம் கெட்டவன் என்று அவள் நினைத்தாள். இதற்கும் ஒரு காரணம் ஜோடித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னால முடியல," என்றான். "பெல்ட் போட்டேன். ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு வந்து மேல பெட்டி வைக்கிற கதவெல்லாம் ஒவ்வொண்ணா தட்டிச் சாத்திக்கிட்டே வந்தா. எனக்குக் கை மரத்துப் போச்சு. மூச்சு உள்ள போகல. எழுந்து ஓடிட்டேன். சனங்க எல்லாம் பாத்துச்சு. ஒரு குழந்தை சிரிச்சுது."

"எப்போலேர்ந்து?"

"கடைசியா வந்துட்டுத் திரும்பினேன்ல, அதுலேர்ந்து. நடுக்கடல்ல ஒரு தரம் அப்படியே கீழ விழுந்துச்சு, ரெண்டு நிமிஷம் இருக்கும். அதோட சரி. அதுக்கப்புறம் அஞ்சு தரம் டிக்கெட் போட்டேன். அம்மாவுக்குப் போட்டேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். உங்க அண்ணிக்கு மட்டும் தெரியும்."

அவள் எடை மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். வாரத்துக்கு ஒருவராவது இப்படி இறங்கி வருவார்கள். வேர்த்து, வெளிறி, சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு. அவர்களை உட்காரவைத்துக் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்து, "இது சகஜம் சார், மெதுவா மூச்சு விடுங்க, அவசரமே இல்ல," என்று சொல்வது அவள்தான். அந்தக் குரல் அவளுக்கு இருக்கிறது என்று கம்பெனியே பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது. அவர்கள் போனதும் இந்த அறைக்கு வந்து, அவர்கள் எப்படி விழித்தார்கள், எப்படி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நடித்துக் காட்டுவதும் அவள்தான். நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்றாள்.

"யார்கிட்ட? அப்பாகிட்டயா?"

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பதை இருவருமே அவர் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம்பளையாடா நீ என்று தொடங்கியிருப்பார். பால்காரனுக்கும் சுவருக்கும் சொல்லப் புதுசாக ஒன்று கிடைத்திருக்கும்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்டயா," என்றான் அண்ணன். கேள்வியாகக்கூட இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் ஓடத் தொடங்கியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம்.

"என்னைக் கேட்டாரா?" என்றான்.

"கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"எத்தனை காலின்னு கேட்டார். நேத்து காலைல. நான் நம்பர் சொன்னேன். அதுக்கப்புறம் பேசல."

அவன் அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் காத்திருக்கவில்லை. "மெசேஜ் எதுவும் போடாத. போனை ஆஃப் பண்ணு. நான் பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்பது. டாக்டரின் போனைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்திருந்தார்கள். மஞ்சள் விமானம் இந்தக் கரையை நெருங்கிவிட்டது. சித்தப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம்தான்," என்றார். "நீ ஏன் திரும்பி வந்துட்ட? அவனைக் கூட்டிட்டு வர வேணாமா?"

"அண்ணன் அதுல வரல, சித்தப்பா."

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் போனைப் பார்த்தாள்.

வழியெல்லாம் அவள் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. உங்க மூத்தவன் பயந்து இறங்கிட்டான். நாலே வார்த்தை. சொன்னால் இந்த வீட்டில் அடுத்த இருபது வருஷத்துக்கு அதுதான் அவன் பெயர். எந்தக் கல்யாணத்திலும் எந்தச் சாவிலும், ஆறாவது நாற்காலியில் இருப்பவர் ஏழாவது நாற்காலிக்காரரின் காதில் சொல்லுவார்.

"ஏறி உக்காந்தவனை இறக்கிவிட்டுட்டாங்க," என்றாள். "இருக்கிற சீட்டுக்கு மேல டிக்கெட் வித்துட்டாங்க. எங்க கம்பெனி தப்புதான்."

"இருபத்தாறு சீட் காலின்னு நேத்து எங்ககிட்ட நீதானே சொன்ன?"

"நான் பாத்தது தப்பு."

சித்தப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். கோர்ட்டில் முப்பது வருஷம் பொய் கேட்டுப் பழகிய கண். ஆனால் அதைவிட ருசியான ஒன்று அவருக்கு அகப்பட்டுவிட்டது.

"பதினெட்டு வருஷமா அங்க என்ன கிழிச்ச நீ?" என்றார். "பெத்த அப்பன் சாவுக்கு, கூடப் பொறந்தவனுக்கு ஒரு சீட்டு வாங்கித் தர வக்கில்ல. மேற்பார்வையாம் மேற்பார்வை. எங்க அண்ணன் சரியாத்தான் சொல்லுவார், பெட்டி தூக்கற உத்தியோகம்னு."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். பாவம், பையன் எப்படித் துடிக்கிறானோ என்றார் டாக்டர். எல்லோரும் அண்ணனுக்காக இரங்கினார்கள். அவள் நின்றபடி கேட்டுக்கொண்டாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "ஒரு மணிக்கு வண்டி ஆஸ்பத்திரிக்கு வரும். வரவங்க வாங்க," என்றாள்.

பத்து இருபத்திரெண்டுக்கு விமானம் இறங்கியது. டாக்டர் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தகன மேடையில் வேலை சீக்கிரம் முடிந்தது. அப்பாவை வைத்த தட்டு தண்டவாளத்தில் உருண்டு உள்ளே போனது. யார் பொத்தானை அழுத்துவது என்று ஊழியர் கேட்டார். சித்தப்பா முன்னால் வந்தார். அவள் அவருக்கு முந்திக்கொண்டு அழுத்திவிட்டாள். பச்சை விளக்கு சிவப்பானது. சித்தப்பா சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கவுண்டரை மூடும் நேரத்தில், நெட்டை கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க அண்ணன் ஏறியிருக்கார். கதவு மூடியாச்சு. நான் ரெண்டு தரம் பாத்துட்டேன்."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு, சீருடை இல்லாமல், வெளியே மற்றவர்களோடு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள். பத்து நாற்பதுக்கு நெட்டை அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் சட்டைக் காலர் நனைந்து உலர்ந்து மறுபடி நனைந்திருந்தது. ஒன்பது வருஷத்தில் தலை பாதி வழுக்கை. காது மட்டும் அப்பாவுடையது.

"சாப்பிடவே இல்லையாம் அக்கா. வழியெல்லாம் சீட்டுக் கையைப் பிடிச்சபடியே வந்தாராம், ரெண்டு பக்கமும்," என்று நெட்டை காதில் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. இவளும் சிரிக்கவில்லை.

"வந்துட்டேன்," என்றான் அண்ணன்.

"ம்."

பெட்டியை அவளே தூக்கி வண்டியின் பின்பக்கம் வைத்தாள். முன்கதவைத் திறந்துவிடலாம் என்று திரும்பும்போது, அவன் ஏற்கெனவே பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். முன் இருக்கை காலியாக இருந்தது. வாடகை வண்டின்னு நினைச்சியா என்பது அவள் பல்லுக்குப் பின்னால் வரைக்கும் வந்தது. வண்டியைக் கிளப்பினாள்.

பாலம் ஏறும்போது பின்னால் என்னவோ சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். அவன் நெற்றியை ஜன்னலில் முட்டுக்கொடுத்து, வாயைத் திறந்தபடி, முகமெல்லாம் கோணிக்கொண்டு கிடந்தான். கைகள் இரண்டும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்திருந்தன.

அவள் கையை உயர்த்திக் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பினாள். பின்னால் வந்த லாரியின் நெற்றி மட்டும் தெரிந்தது.